அடிக்கல்லு தெரியணும்

போன மாசம் ரெண்டு பையன்கள் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தாங்க. மீன் வளர்க்குற எடத்துல புதுசா வேலைக்குச் சேந்திருக்காங்களாம். நல்ல புள்ளைங்க. பிளேன்டீயைக் குடிச்சுக்கிட்டே, "ஐயா, ஒரு தொட்டிக்கு எத்தனை மீன் விடலாம்?"னு கேட்டாங்க. எனக்குச் சுள்ளுன்னு கோவம் வந்துருச்சு. தண்ணி எவ்வளவு வேகமா ஓடுது, எவ்வளவு குளிரு, மீனு விரல் அளவா முழங்கை அளவா, மழைக்காலமா வெயில் காலமா, ஒண்ணும் சொல்லாம எண்ணிக்கையை மட்டும் கேட்டா என்னத்தைச் சொல்றது? ஆளைக் காட்டாம சட்டை தைக்கச் சொல்றீங்களேப்பான்னு கடிஞ்சுட்டேன். பாவம், மூஞ்சி சுருங்கிப்போய் எந்திரிச்சுப் போனாங்க.

அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அந்தக் கேள்வியை யாரு கேட்டாலும் எனக்கு ராமாயி ஞாபகம் வந்துரும். அவ ஞாபகம் வந்தா மனசு சரியா இருக்காது, பக்கத்துல இருக்கிறவங்க மேல எரிஞ்சு விழுவேன். என் வீட்டுக்காரிக்கு இது பழகிப்போச்சு. "திரும்பவும் மீன் கதையா?"ன்னு கேட்டுட்டு அடுப்படிக்குப் போயிருவா. அதான் இதை எழுதி வச்சுருவோம்னு உக்காந்துட்டேன். அந்தப் பையன்கள் திரும்பி வந்தா படிச்சுக்கட்டும்.

நான் பொறந்து வளந்தது வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேல, மலையைச் சுத்திச் சுத்தி ஏறிப் போற ஒரு தோட்டத்துல. இலங்கைக்குச் சுதந்திரம் வந்தப்ப எனக்கு மீசை அரும்புற வயசு. தேயிலை ஸ்டோரு வாசல்ல கொடி ஏத்துனாங்க, சின்னப் புள்ளைங்களுக்கு மிட்டாய் குடுத்தாங்க. அந்த மிட்டாய் வாயில கரையிறதுக்குள்ள, இந்தியாவுலேருந்து தேயிலைக்கு வந்த நம்ம சனத்துக்கு இந்த நாட்டுல பிரஜாவுரிமை இல்லேன்னு ஆயிருச்சு. அந்தக் கதையை எழுதுறதுக்குப் படிச்சவங்க இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது மீனுதான்.

எங்க தோட்டத்து உச்சியில, தேயிலை முடிஞ்சு காடு ஆரம்பிக்கிற எடத்துல, ஒரு ஓடை இறங்கும். கை வச்சா எலும்பு வரைக்கும் வலிக்கிற குளிரு. அந்த ஓடையை மறிச்சு தொரைமாரோட கிளப் ஒண்ணு தொட்டி கட்டி வச்சிருந்துச்சு. சின்னத் தொட்டியில குஞ்சு, பெரிய தொட்டி ரெண்டுலயும் வளந்த மீனு. ட்ரவுட்டுன்னு பேரு, சீமையிலேருந்து முட்டையா வந்த சாதி. அதை வளத்து மேல்மலை ஆறுகள்ல விடுவாங்க. தொரைமாரு லீவு நாள்ல தூண்டிலோட போய் அதையே திரும்பப் புடிப்பாங்க. இவ்வளவு பாடுபட்டு வளத்து ஆத்துல விட்டுட்டு, அதையே புடிக்கிறதுக்கு நாள் பூரா முழங்கால் தண்ணியில நிக்கிறாங்களே, இவங்களுக்கு வேற சோலி இல்லையான்னு எங்க லயத்துல, வரிசையாக் கட்டுன கூலி வீடுங்கள்ல, பேசிச் சிரிப்பாங்க.

எங்கப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுறவரு. நான் டவுன் பள்ளிக்கூடத்துல கொஞ்சம் இங்கிலீஷ் படிச்சிருந்ததால, வேலைக்கு ஆள் பிரிச்சு விடுற கண்டாக்கையா என்னை மீன் தொட்டிக்கு அனுப்பிட்டாரு. மொத ரெண்டு வருசம் பாசி வழிச்சேன், வலை தச்சேன், ஓடையில அடைச்சிக்கிட்ட இலையைக் கொத்துக் கொத்தா அள்ளிப் போட்டேன். அதைப் பத்திச் சொல்ல வேற ஒண்ணும் இல்ல.

தொட்டிக்குப் பொறுப்பா இருந்தவரை மீன் தொரைன்னு சொல்லுவோம். ஒரு காலத்துல பெரிய தோட்டத்தை நடத்துனவரு, கால்ல அடிபட்டு மலை ஏறி எறங்க முடியாமப் போனதால கிளப் அவருக்கு இந்த வேலையைக் குடுத்திருந்துச்சு. ஒல்லியான ஆளு, பொண்டாட்டி புள்ள கெடையாது. சத்தம் போட மாட்டாரு. மத்த தொரைமாருக்கு வாயைத் தொறந்தா வசவுதான். இவரு ஒருத்தனைத் திட்டணும்னா பேசாம அவனையே பாத்துக்கிட்டு நிப்பாரு. அதுக்கு ரெண்டு அறை வாங்கிட்டுப் போயிரலாம்னு இருக்கும்.

அவரு தமிழ் தோட்டத்துத் தமிழு. "மெதுவா நட." "நிழல் விழாம நில்லு." "சோப்புக் கை தண்ணியில வைக்காதே." தொட்டிக்கிட்ட வந்தா பூட்ஸைக் கழட்டிட்டு வெறுங்காலோட நடப்பாரு, நாங்களும் அப்படித்தான் நடக்கணும். காலையில வந்ததும் தண்ணியை ஒரு கை அள்ளி மோந்து பாப்பாரு. அப்புறம் தொட்டி ஓரமா குந்தி உக்காந்து மீனோட செவுளையே பாத்துக்கிட்டு இருப்பாரு. செவுளு நிதானமாத் தொறந்து மூடுனா நல்லது. படபடன்னு அடிச்சா அன்னிக்குத் தீனி கெடையாது. மீனு எல்லாம் தண்ணி விழுற வாய்கிட்டப் போயி ஒண்ணு மேல ஒண்ணு மொய்ச்சா உடனே மடைப் பலகையைத் தூக்கி இன்னும் கொஞ்சம் தண்ணி விடச் சொல்லுவாரு, அந்தத் தண்ணியும் உசரத்துலேருந்து சளசளன்னு விழணும். விழுறப்பத்தான் தண்ணிக்குள்ள காத்து ஏறும்.

கூட்டம்தான் அவருக்கு ஆகாத ஒண்ணு. தொட்டி அடியில ஆத்துக் கூழாங்கல்லைப் பரப்பி வச்சிருந்தாரு. வேலைக்கு வர்ற ஒவ்வொருத்தனுக்கும் மொத நாளே சொல்லுவாரு, மீனுக்கும் மீனுக்கும் நடுவுல அடிக்கல்லு தெரியணும்னு. கல்லு தெரியலேன்னா மீனைப் பிரிக்கணும். பிரிக்கிறதுக்கு ஒரு மொறை உண்டு. மொத நாளு தீனி போடக் கூடாது. விடியக்காலைக் குளிருலயே ஆரம்பிச்சு வெயில் ஏறுறதுக்குள்ள முடிக்கணும். வலையும் கையும் நனைஞ்சிருக்கணும், காஞ்ச கை பட்டா மீனு மேல இருக்குற வழவழப்பு போயிரும், அந்த எடத்துல பஞ்சு மாதிரி வெள்ளையாப் பூத்து அழுக ஆரம்பிக்கும். பெருசு தனியா, சிறுசு தனியா. ஒண்ணாக் கெடந்தா பெருசு சிறுசோட வாலைக் கடிச்சுரும். நெருக்கத்துல கெடக்குற மீனுக்குத் துடுப்பெல்லாம் ஓரம் கிழிஞ்ச துணியாட்டம் ஆயிரும்.

கூட்டம்னா என்னன்னு எங்களுக்குப் புரிய வைக்கிறதுக்கு அவரு ஒண்ணு செஞ்சாரு. நான் சேந்த புதுசுல எங்க மூணு பேரைக் குந்த வச்சு, தலைக்கு மேல ஒரே கம்பளியைப் போட்டு மூடிட்டாரு. கொஞ்ச நேரம் ஆச்சு. உள்ள புழுங்குது, ஒருத்தன் மூச்சு ஒருத்தன் மூஞ்சியில அடிக்குது. கம்பளியை எடுத்துட்டு, "எப்படி இருந்துச்சு?"ன்னு கேட்டாரு. "வீட்டுல ராவைக்கு இப்படித்தான் தொரை தூங்குறோம்"னு நான் சொன்னேன். கூட இருந்தவங்க சிரிச்சுட்டாங்க. அவரு சிரிக்கல.

ராமாயி தொட்டி வேலைக்கு வந்தது அதுக்கு நாலஞ்சு வருசம் கழிச்சு. எங்களுக்கு அடுத்த லயத்துல இருந்தா, கருப்பையாவோட சம்சாரம். அந்த ஒத்தை ரூமு காம்பராவுல அவங்க ரெண்டு பேரு, மாமியா, மாமனாரு, கொழுந்தன் குடும்பம்னு ஒம்போது பேரு. நடுவுல சாக்குப் படுதா. அடுப்பும் அதுக்குள்ளேயேதான். புகை போறதுக்குக் கதவைத் தவிர வழி கெடையாது.

அவளுக்கு மொதப் புள்ள பொறந்து தவழ ஆரம்பிச்ச நேரம், அடைமழைக் காலத்துல நெஞ்சுச் சளி கண்டு போயிருச்சு. அந்த வருசம் எங்க தோட்டத்துல போன புள்ளைங்க இன்னும் உண்டு. தோட்டத்து மருந்தையா செவப்பு மருந்து குடுத்தாரு, கேக்கல. ராமாயி அழுதுக்கிட்டே எல்லார்கிட்டயும் ஒண்ணு சொல்லுவா. "பசியோட அனுப்பலீங்க. கடைசி வரைக்கும் எம் புள்ள வாயைத் தொறந்து தொறந்து கேட்டுச்சு. நானும் பாலை ஊத்திக்கிட்டேதான் இருந்தேன். ஒரு சொட்டுகூடக் கொற வைக்கல." மாசக் கணக்கா அதையேதான் சொன்னா. பீலியில தண்ணி புடிக்கிறப்ப, கோயில்ல, யாராவது ஆறுதல் சொல்ல வந்தா. அது ஒண்ணைப் புடிச்சுக்கிட்டுத்தான் அவ நடமாடுனா.

கொழுந்து பறிக்கப் போற வழியில புள்ளைக் காம்பரா இருக்கு, வேலைக்குப் போற பொம்பளைங்க கைக்குழந்தையை விட்டுட்டுப் போற எடம். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு அவளால அந்த வழியா நடக்க முடியல. மீன் தொட்டிக்கு ஆள் வேணும்னதும் அவளே கண்டாக்கையாகிட்டப் போய் கேட்டா. மத்த பொம்பளைங்க யாரும் அந்த வேலைக்கு வர மாட்டாங்க, ஏன்னா மீனுக்குத் தீனி மாட்டீரல். டவுன் இறைச்சிக் கடை நானா வாரா வாரம் சாக்குல கட்டி அனுப்புவாரு. அதை அரைச்சு, துணியில வடிச்சு, சின்ன மீனுக்குத் தனியா பெரிய மீனுக்குத் தனியாப் போடணும். வேலை முடிஞ்சு போனா மாமியாக்காரி வாசல் திண்ணை இஸ்தோப்புலயே நிக்க வச்சு, குளிச்சுட்டு வான்னு வெரட்டுவா. மழையோ பனியோ, குளிச்சுட்டுத்தான் உள்ள. ராமாயி ஒரு வார்த்தை பேச மாட்டா.

தொட்டியில மட்டும் பேசுவா. மீனோட பேசுவா. ஈரலைத் தூவுறப்ப, "வா சாமி, வா தங்கம், இந்தா இந்தா"ன்னு ஒவ்வொண்ணாக் கூப்புடுவா. மூலையில ஒதுங்கிக் கெடக்குற நோஞ்சானைத் தேடிப் போய் அதுக்கு முன்னால ஒரு சிட்டிகை போடுவா. அவ வந்த பெறகு மீனெல்லாம் தளதளன்னு வளந்துச்சு. மீன் தொரையே என்கிட்ட, "இந்தப் பொம்பளை நல்லா பாக்குது"ன்னாரு. அவரு வாயிலேருந்து வந்த பாராட்டு அது ஒண்ணுதான் எனக்கு ஞாபகம்.

இப்படிப் போய்க்கிட்டு இருந்த நேரத்துல ஒரு தை மாசம் பெரிய தொட்டி ஒண்ணுல சுவரு வெடிச்சு தண்ணி ஒழுக ஆரம்பிச்சுருச்சு. அந்த நேரம் பாத்து மீன் தொரைக்கு கால் வீங்கி கொழும்பு ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. பதிலுக்குப் பக்கத்துத் தோட்டத்துச் சின்னத் தொரையை கிளப் அனுப்பிச்சு. இளவட்டம், குதிரைப் பந்தயத்துலதான் புத்தி. ஒழுகுற தொட்டியைக் காலி பண்ணி, மீனையெல்லாம் மத்தத் தொட்டியிலயே விடச் சொன்னாரு. கல்லு தெரியாதுங்க தொரைன்னு சொன்னேன். என்ன கல்லுன்னு கேட்டாரு. வெளக்கிச் சொன்னேன். சிமெந்து வந்ததும் சுவரைப் பூசிரலாம், கொஞ்ச நாளைக்குத்தானேன்னுட்டாரு. பாதியையாவது ஓடையில விட்டுருவோம்னு கேட்டுப் பாத்தேன். சித்திரையில நுவரெலியாவுக்கு வெளியூர்த் தொரைமாரெல்லாம் வருவாங்க, அவங்க தூண்டிலுக்கு மீன் வேணும், ஒண்ணைக்கூட விடக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. நாங்களும் ரெண்டையும் ஒண்ணாக் கொட்டுனோம்.

சிமெந்து வரல. மழையும் வரல. எங்க பக்கம் தை மாசி ராத்திரியில புல்லு வெள்ளையாப் பனி பூத்துக் கெடக்கும், பகல்ல வெயில் சுரீர்னு அடிக்கும். ஓடை இளைச்சுப் போச்சு. தொட்டியைப் பாத்தா கல்லு எங்க தெரியுது, கருப்பா முதுகுதான் தெரியுது. வாலு ஓரமெல்லாம் கிழிய ஆரம்பிச்சுருச்சு. ரெண்டொரு மீனு மேல பஞ்சு பூத்துச்சு. அப்புறம் தண்ணி விழுற எடத்துல போய் நெருக்கிக்கிட்டு நிக்க ஆரம்பிச்சுதுங்க, வாயைத் தண்ணிக்கு மேல தூக்கித் தூக்கி.

ராமாயி என்கிட்ட வந்து, ஏண்ணே இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுன்னு கேட்டா. கூட்டம் கூடிப் போச்சு தங்கச்சி, அதனாலதான்னு சொன்னேன். அவ புரிஞ்ச மாதிரித் தலையாட்டுனா. தீனி வேணாம்னு சொல்றது எப்பவும் மீன் தொரைதான், அதை அவகிட்டச் சொல்லணும்னு எனக்குத் தோணல. நான் ரெண்டு ஆளைக் கூட்டிக்கிட்டு, வேற ஊத்துத் தண்ணியை ஓடைக்குத் திருப்பிவிட முடியுமான்னு பாக்க மேல காட்டுக்குள்ள போயிட்டேன். அன்னிக்குப் பூராவும் வேரை வெட்டி வாய்க்கால் இழுத்தோம். கீழ தொட்டியில நடந்தது எதுவும் எங்க காதுக்கு வரல.

மறுநாள் காலையில போய்ப் பாத்தா தொட்டி வெள்ளையாக் கெடக்குது. அவ்வளவும் வயித்தைத் தூக்கிக்கிட்டு மெதக்குது. செவுளு விரிஞ்சு போய், வாயி ஆவுன்னு தொறந்தபடியே. உசுரோட இருந்த கொஞ்சமும் ஒரு பக்கமா சாஞ்சு சாஞ்சு சுத்துது. நான் அப்படியே கரையில உக்காந்துட்டேன். எத்தனை வருசத்து வேலை.

சின்னத் தொரை வந்தாரு. அன்னிக்குத்தான் அந்த எடத்துல மொதத் தடவையாச் சத்தம் கேட்டுச்சு. நேத்து யாரு தீனி போட்டதுன்னு கத்துனாரு. தண்ணியில அங்கங்க சோத்துப் பருக்கை மெதந்துக்கிட்டு இருந்துச்சு. ராமாயி ஒளிக்கவும் இல்ல, மழுப்பவும் இல்ல, முன்னால வந்து நின்னு நான்தாங்கன்னா. ஈரல் பூராத்தையும் அரைச்சுப் போட்டிருக்கா. அதுவும் பத்தலேன்னு, தன் மத்தியானச் சோத்தையும் பிசைஞ்சு போட்டிருக்கா. ஏன்னு நான் கேட்டேன்.

"நீங்கதானே கூட்டம் கூடிப் போச்சுன்னீங்க? கூட்டம்னா ஆளுக்குக் கொறயும்ல. நம்ம வீட்டுல அப்படித்தானேண்ணே. அதான் கூடப் போட்டேன்."

லயத்துல பொறந்து வளந்த யாரு அவ எடத்துல இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. வாயி அதிகமானா சோறு கொறயும், நமக்குத் தெரிஞ்ச கணக்கு அது ஒண்ணுதான்.

சின்னத் தொரை அதையெல்லாம் கேக்கல. விஷம் வச்சுட்டா, யாரோ சொல்லித்தான் செஞ்சிருக்கான்னு எங்க தோட்டத்துப் பெரிய தொரைகிட்டச் சொல்லிட்டு, புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பத்துச்சீட்டு குடுக்கச் சொல்லிட்டாரு. பத்துச்சீட்டுன்னா தோட்டத்தை விட்டுப் போன்னு அர்த்தம். வேலையும் போச்சு, காம்பராவும் போச்சு. விஷம் வச்சவங்கன்னு பேரு வாங்குன குடும்பத்தை எந்தத் தோட்டத்துலயும் சேக்க மாட்டாங்க. அதுலயும் எந்த நாட்டு ஆளுன்னே இல்லாத சனம் ரோட்டுல நின்னா எங்க போறது? மாமியா லயத்து வாசல்ல நின்னு மண்ணை வாரித் தூத்துனா. கருப்பையா பொண்டாட்டியை ஒரு வார்த்தை சொல்லல, இஸ்தோப்புல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தான்.

விசயம் கொழும்புக்குப் போயி, மீன் தொரை கட்டுப்போட்ட காலோட, கம்பை ஊனிக்கிட்டு வந்து சேந்தாரு. அப்பவும் ஒத்தைக் கால் பூட்ஸைக் கழட்டிட்டுத்தான் தொட்டிக்கிட்ட வந்தாரு. ஈரச் சாக்குல சுத்தி வச்சிருந்த செத்த மீனைக் கேட்டாரு. பலகை மேல வச்சு ஒவ்வொண்ணா அறுத்தாரு. அவசரமே இல்ல. செவுளைக் கத்தி நுனியால விரிச்சு, வெளிறிப் போயி கோழையாக் கெடக்குறதைக் காட்டுனாரு. துடுப்புக் கிழிசலைக் காட்டுனாரு. வயித்தைக் கீறினா, அதுல ராமாயியோட சோறு அப்படியே இருந்துச்சு. ஒரு பருக்கையும் செரிக்கல. அதை வெரல்ல எடுத்து மோந்து பாத்துட்டு, சின்னத் தொரைகிட்ட இங்கிலீஷ்ல பேசுனாரு. எனக்குப் புரிஞ்சுது. விஷமும் இல்ல ஒரு மண்ணும் இல்ல, இது மூச்சு முட்டிச் செத்த மீனு, ரெண்டு தொட்டியை ஒண்ணாக்குனியே, அப்பவே இதுக்கு நாள் குறிச்சாச்சு, இந்தப் பொம்பளை தீனி போட்டிருந்தாலும் போடாட்டியும் போயிருக்கும்னாரு. சின்னத் தொரை மூஞ்சி செவந்து போச்சு. பத்துச்சீட்டை நிறுத்திட்டாங்க.

மீன் தொரை என்னைக் கூப்புட்டு, "அந்தப் பொம்பளைக்குச் சொல்லு. நல்லா வெளங்குற மாதிரி சொல்லு"ன்னாரு.

நல்ல சேதி கொண்டு போறோம்னு ஓடுனேன். தொட்டிக்குப் பின்னால, ஈரல் அரைக்கிற கொட்டகையில சுவரோரமா உக்காந்திருந்தா. வேலையும் போகல, வீடும் போகலன்னு மொதல்ல சொன்னேன். கையெடுத்துக் கும்புட்டா. அப்புறம் தொரை சொன்னதை ஒண்ணு விடாம வெளக்குனேன். எனக்குத் தெரிஞ்ச தொழிலு, சந்தோசமா வெளக்குனேன். கூட்டம் கூடுனா தண்ணியில இருக்குற காத்து பத்தாது, மீனு மூச்சுக்குத்தான் வாயைத் தொறக்குது, அந்த நேரத்துல வவுத்துல தீனி விழுந்தா இன்னும் மூச்சு வாங்கும், அதனாலதான் நோவு கண்ட மீனுக்கு நாங்க தீனியை நிறுத்துறோம்னு.

"அப்ப வாயைத் தொறந்தது பசிக்கு இல்லியாண்ணே?"

"இல்ல தங்கச்சி. மூச்சுக்கு."

கையைத் திருப்பிப் பாத்தா. "நான் ஊத்துனேனே"ன்னா.

"போனாப் போவுது விடும்மா. மீனுதானே"ன்னேன்.

"மீனு இல்லண்ணே."

அப்பத்தான் எனக்கு ஒறச்சுது. அது வேற இது வேற, மீனு வேற மனுசப்புள்ள வேறன்னு வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவ கேட்டாளான்னு தெரியல. எந்திரிச்சா, ஈரல் கத்தியைக் கழுவி வச்சா, முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு எறங்கிப் போயிட்டா. அவ வீட்டைக் காப்பாத்துன வார்த்தையே அவகிட்ட இருந்த ஒரே ஆறுதலைப் புடுங்கிக்கிச்சு. அதை அவகிட்டக் கொண்டு போய்ச் சேத்தது என் வாயி.

மருந்தையாகிட்டப் போய் முட்டிக்கிட்டேன். அவரு நல்ல மனுசன், லயத்துக்கே வந்து, உம் புள்ள போனது நெஞ்சுச் சளியால, பாலு ஒண்ணும் பண்ணலன்னு சொல்லிட்டுப் போனாரு. சரிங்கன்னு தலையாட்டுனா. மீன் தொரைக்கும் சொன்னேன். அவரு தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கிட்டாரு. அந்தக் காம்பராவுல எத்தனை பேருன்னு மட்டும் கேட்டாரு. ஒம்போதுன்னேன். தொட்டியிலேருந்து பாத்தா கீழே எங்க லயம் தெரியும், தகரக் கூரை மேல புகை. அதைப் பாத்துக்கிட்டே இருந்தாரு. பெரிய தொரைகிட்டப் போய், அந்தக் குடும்பத்துக்குத் தனியா ஒரு காம்பரா குடுக்கச் சொல்லிக் கேட்டதாப் பங்களாவுல வேலை செய்யிற ஆளு சொன்னான். வெறும் காம்பரா எங்க இருக்கு, உன் மீனைப் போய் பாருன்னு பெரிய தொரை சிரிச்சாராம்.

மீனைப் பாத்தாங்க. அத்தனை நாளா வராத சிமெந்து அந்த வாரமே லொறியில வந்துச்சு. மேசன்மாரு வந்தாங்க. ஒழுகுன தொட்டியைப் பூசுனதோட இல்லாம, பக்கத்துலயே புதுசா இன்னொண்ணும் கட்டுனாங்க. மீனுக்கும் மீனுக்கும் நடுவுல கல்லு பளிச்சுன்னு தெரிஞ்சுது. எனக்கு அதைப் பாக்கப் பாக்கப் பத்திக்கிட்டு வந்துச்சு. தொழில்ல எனக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தவரு மீன் தொரை, அவரு மேல எனக்குக் கொறை இல்ல. ஆனா ஒரு மீனுக்கு எவ்வளவு எடம் வேணும்னு தெரிஞ்ச ஊருல, ஒரு புள்ளைக்கு எவ்வளவு வேணும்னு யாரும் குந்தி உக்காந்து பாக்கல.

ராமாயி தொட்டிக்கு வரல. கொழுந்து எடுக்கப் போயிட்டா, அந்தப் புள்ளைக் காம்பரா வழியாவே. அதுக்கப்புறம் அவளுக்கு ஒரு பொண்ணும் ஒரு பையனும் பொறந்தாங்க. அதுங்களுக்குச் சளி புடிச்சா போதும், எந்தக் குளிருலயும் தூக்கிக்கிட்டு இஸ்தோப்புக்கு வந்துருவா. யாரையும் கிட்ட நெருங்க விட மாட்டா. மூச்சு நிதானமாகுற வரைக்கும் புள்ள எவ்வளவு கத்துனாலும் வாயில ஒரு சொட்டு வைக்க மாட்டா. மாமியா பேயி புடிச்சிருக்குன்னா. என் வீட்டுக்காரிதான் போயி, மன்றாடி, சுடுதண்ணியாவது குடுக்க வைப்பா. எப்படியோ ரெண்டும் தேறி வளந்துச்சுங்க.

அப்புறம் ரெண்டு நாட்டு அரசாங்கமும் பேசி முடிச்சு, நம்ம சனம் ஊரைப் பாக்கப் போற காலம் வந்துச்சு. ஊருன்னா எங்க பாட்டன் விட்டுட்டு வந்த ஊரு, நாங்க யாரும் கண்ணால பாக்காதது. கருப்பையா இந்தியா பாஸ்போட் எடுத்துட்டான். கெளம்புற அன்னிக்கு வழியனுப்ப வட்டகொடை ஸ்டேஷனுக்குப் போனேன். ட்ரங்குப் பெட்டியும் மூட்டையும், அழுகையும் ஒப்பாரியுமா நிக்க எடமில்ல. மாமியாக்கெழவி தோட்டத்து மண்ணை ஒரு முடிச்சுல கட்டி இடுப்புல சொருகியிருந்தா. தலைமன்னார் போயி கப்பல் ஏறணும். வழியில திங்கட்டும்னு ஒரு ராத்தல் பாணும் வாழப்பழமும் வாங்கிட்டுப் போயிருந்தேன். அதை வாங்கி மூட்டையில வச்சா.

ரயிலு வந்துச்சு. ஏறி, நெருக்கத்துல எப்படியோ சன்னலோரத்துக்கு வந்து, என்னைக் கையைக் காட்டிக் கூப்புட்டா. அத்தனை வருசத்துல என்கிட்ட மீனைப் பத்தி அவ பேசுனதே இல்ல.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். மூச்சு முட்டுற நேரத்துலயும் கொஞ்சம் பசி இருக்கும்தானே? நான் போட்டதை அது ஒரு வாயாச்சும் ஆசையாத் தின்னிருக்குமாண்ணே?"

அவ எதைக் கேக்குறான்னு எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் எனக்குத் தெரியும்னு.

"தின்னுச்சும்மா. தொரை அறுத்தப்ப நான் பக்கத்துலதானே நின்னேன்? வயித்துல சோறு இருந்துச்சு. ஆசையாத்தான் தின்னுச்சு."

முந்தானையால மூஞ்சியைத் தொடைச்சுக்கிட்டா. "அது போதுண்ணே"ன்னா. ரயிலு நகந்துருச்சு.

வயித்துல சோறு இருந்தது நெசம், என் கண்ணால பாத்தேன். ஆசையாத் தின்னுச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்? மீனோட அத்தனை வருசம் இருந்தும் அது எனக்குத் தெரியாது. தெரியும்னு சொன்னேன்.